ஹேசல் கண்ணைத் தமிழில் எப்படி எழுதுவது: பழுப்பா, பூனைக்கண்ணா, மாந்துளிரா?

அக்கா மகள் முதல்முறையாக ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழில் மொழிபெயர்க்கிறாள். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு அழைத்து, "சித்தி, ஹேசல் ஐஸ்னா தமிழ்ல என்ன போடுறது?" என்று கேட்டாள். நான் பாதித் தூக்கத்தில் "பழுப்புக் கண்ணுன்னு போடேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் அந்தக் கதையை வாங்கிப் படித்துப் பார்த்தால், அதில் அக்கா தங்கை இரண்டு பேர் வருகிறார்கள். தங்கைக்கு பிரவுன் கண், அக்காவுக்கு ஹேசல் கண். வெகுநாள் கழித்து ஊர் திரும்பும் ஒருவன் இருட்டில் வந்து கதவைத் தட்டுகிறான், திறந்தவள் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறாள், கண்ணைப் பார்த்துத்தான் அவள் மூத்தவள் என்று அவனுக்குத் தெரிகிறது. நான் சொன்னபடி இரண்டு பேருக்கும் பழுப்பு என்று போட்டிருந்தால் அந்த இடமே விளங்காமல் போயிருக்கும். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இருக்கிற வழிகளை எல்லாம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அதைத்தான் இங்கே போடுகிறேன், இதே சொல்லில் முட்டிக்கொள்கிற வேறு யாருக்காவது உதவும்.

முதலில் சொல்லின் பொருள். ஹேசல் என்பது ஐரோப்பாவில் வேலியோரத்திலும் காட்டோரத்திலும் புதராக வளரும் ஒரு மரம். அதன் கொட்டைதான் சாக்லேட்டிலும் நியூட்டெல்லாவிலும் வரும் ஹேசல்நட். இன்று உலகத்தில் விளைவதில் பாதிக்கு மேல் துருக்கியின் கருங்கடல் கரையிலிருந்து வருகிறது. அந்தக் கொட்டையின் ஓடு செம்பழுப்பு நிறம். ஆங்கிலேயர்கள் தங்கள் வேலியில் தினம் பார்த்த ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு நிறப்பெயராக வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்களும் கண்ணை 'நுவாசெட்' என்கிறார்கள், ஸ்பானிய மொழியில் 'அவெல்லானா', ஜெர்மனில் 'ஹாசல்நுஸ்பிரவுன்', எல்லாம் அதே கொட்டைதான். மரம் இருக்கிற இந்த ஊர்களில் சொல்லும் இருக்கிறது.

ஆனால் இன்றைக்கு ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஹேசல் கண் என்று சொல்லும்போது கொட்டை ஓட்டின் நிறத்தை மட்டும் நினைப்பதில்லை. பாப்பாவைச் சுற்றிப் பழுப்பு, வெளியே போகப் போகப் பச்சை, நடுவில் கொஞ்சம் பொன் பொட்டுகள், இப்படிக் கலந்து கிடக்கிற கண்ணைத்தான் சொல்கிறார்கள். ஒரே நிறமாக இருந்தால் அது ஹேசல் இல்லை. முழுக்கப் பொன்மஞ்சளாக, ஓநாய்க்கும் சில ஆந்தைகளுக்கும் இருப்பது போல இருந்தால் அதற்கு ஆம்பர் என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். முழுக்கப் பச்சையாக இருந்தால் கிரீன். நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் 1985 ஜூன் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமியின் கண்ணை யாரும் ஹேசல் என்று சொல்வதில்லை, பச்சை என்றுதான் சொல்கிறார்கள். கலர் லென்ஸ் வாங்கியவர்களுக்கு இந்த வித்தியாசம் எளிதாகப் புரியும். ஃப்ரெஷ்லுக் லென்ஸில் 'ப்யூர் ஹேசல்' தனி, 'ஹனி' தனி, 'பிரவுன்' தனி.

இதற்குக் காரணம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பாப்பாவைச் சுற்றியிருக்கிற நிற வளையமான ஐரிஸில் பச்சைச் சாயம் என்றோ நீலச் சாயம் என்றோ எதுவும் கிடையாது. இருப்பது மெலனின்தான், தோலில் இருக்கிற அதே மெலனின். அது நிறைய இருந்தால் கண் பழுப்பு, மிகக் குறைவாக இருந்தால் உள்ளே போகும் வெளிச்சம் சிதறி நீலமாகத் தெரியும், வானம் நீலமாகத் தெரிவது மாதிரி. நடுத்தரமாகவும் ஒரு சீராக இல்லாமலும் படிந்திருந்தால் ஓரிடத்தில் பழுப்பு, ஓரிடத்தில் பச்சை. அதனால்தான் ஹேசல் கண் ஜன்னலோரத்தில் ஒரு நிறமாகவும் டியூப்லைட்டில் இன்னொரு நிறமாகவும் தெரிகிறது, பச்சைச் சட்டை போட்டால் பச்சை தூக்கலாகத் தெரிகிறது. மொழிபெயர்க்கிறவர் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்: வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறுகிற கண் அது.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஹேசல் பெரும்பாலும் கண்ணுக்கு மட்டும் வரும் சொல். தலைமுடிக்கு ஹேசல் என்று எழுதினால் ஆங்கிலம் படிக்கிறவர் ஒரு நிமிடம் தடுமாறுவார். அப்புறம், கொட்டைப் பெயர் என்பதால் ஆல்மண்ட் ஐஸ் என்பதையும் நிறம் என்று எடுத்துக்கொண்டு பாதாம் நிறக் கண் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது நிறமே இல்லை, வடிவம். இரண்டு முனையும் கூர்ந்து நடுவில் அகன்ற கண். நம்முடைய கயற்கண் மாதிரி.

கதையை விட்டுவிட்டு இதே சொல் இன்னொரு இடத்தில் நம்மவர்களைக் குழப்புவதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே முடிவு சுலபம். அமெரிக்காவில் கிரீன் கார்டுக்குப் போடும் ஐ-485 படிவத்தில் கண் நிறம் கேட்கிறார்கள். கறுப்பு, நீலம், பிரவுன், சாம்பல், பச்சை, ஹேசல், மரூன், பிங்க், தெரியாது அல்லது வேறு என்று ஒன்பது கட்டம். நாம் சின்ன வயதிலிருந்து கருவிழி, கருங்கண் என்றே சொல்லி வளர்ந்ததால் கை நேராகக் கறுப்புக்குப் போகிறது. ஆனால் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெயிலில் நின்று பாருங்கள், கிட்டத்தட்ட எல்லோருக்கும் அது அடர்ந்த பழுப்பு. நான் பிரவுன் என்றுதான் போடச் சொல்வேன். வெளிச்சத்தில் பளீரென்று இளம்பழுப்பாகத் தெரிந்தாலும் பிரவுன்தான். பச்சை கண்ணுக்குத் தெரிகிற அளவு கலந்திருந்தால் மட்டும் ஹேசல். பேச்சு ஆங்கிலத்திலும் பிளாக் ஐ என்றால் அடிபட்டுக் கன்றிப்போன கண் என்றுதான் முதலில் புரிந்துகொள்வார்கள், அழகான கருங்கண்ணுக்கு அவர்கள் டார்க் ஐஸ் என்பார்கள்.

கருவிழி என்றதும் இதையும் சொல்லத் தோன்றுகிறது. கண்தானத்தில் கருவிழி என்று எடுப்பது கார்னியாவை, அது கறுப்பே இல்லை, கண்ணாடி போலத் தெளிந்த சவ்வு. நிறம் இருப்பது அதற்குப் பின்னால் உள்ள ஐரிஸில். பேச்சில் நாம் இரண்டையும் சேர்த்துக் கருவிழி என்று ஒரே சொல்லால் சொல்லிவிட்டோம், எல்லோருக்கும் கறுப்பாகவே தெரிந்ததால் பிரிக்க வேண்டிய தேவை வரவில்லை.

தமிழில் இந்த மொழிபெயர்ப்பு கஷ்டமாக இருப்பதற்கும் அதுதான் வேர் என்று நினைக்கிறேன். கண்ணைப் பற்றி நம் மொழியில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. மை தீட்டியது உண்கண், குளிர்ந்தது மழைக்கண், மீன் போன்றது கயற்கண், வாள் போன்றது வாட்கண், குவளைக்கண், மான் விழி என்று போய்க்கொண்டே இருக்கலாம். 'இருநோக்கு இவளுண்கண் உள்ளது' என்று வள்ளுவர் பார்வையை இரண்டாகப் பிரிக்கிறார், நோய் தருவது ஒன்று, மருந்து ஒன்று, ஆனால் விழியின் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. அவருக்குத் தேவைப்படவில்லை. சங்கப் பாட்டில் கண் நிறம் வருகிற இடங்களைப் பார்த்தால் நிறைய விலங்குகளுக்குத்தான் வருகிறது. யானைக்குப் பைங்கண், சேற்றில் நின்று சலித்த எருமைக்குச் செங்கண். மனிதருக்குச் செங்கண் என்றால் பெரும்பாலும் கோபம், அல்லது திருமால். ஒரு பெண்ணையும் இன்னொரு பெண்ணையும் விழியின் நிறத்தால் வேறுபடுத்திச் சொல்லும் பழக்கமே நம்மிடம் இல்லை. ஆங்கிலக் கதையிலோ ஒருவர் உள்ளே வந்ததும் முடி நிறம், கண் நிறம் இரண்டும் சொல்லிவிடுவார்கள், நாம் 'மாநிறம், ஒல்லி' என்று சொல்வது மாதிரி.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

நான் முதலில் சொன்ன பழுப்பு. அகராதி இதைத்தான் தரும், படிக்கிறவரும் தடங்கலில்லாமல் தாண்டிப் போவார். கதையில் கண் நிறம் ஒரே ஒருமுறை, சும்மா வந்து போகிறது என்றால் இது போதும். ஆனால் பிரவுனுக்கும் இதே சொல்தான், அதனால் இரண்டும் வருகிற கதையில் கை கொடுக்காது. இன்னொன்று, பழுப்பு என்ற சொல்லோடு பழுத்த இலையும் வருகிறது. பழுப்பேறிய காகிதம், பழுப்பேறிய பல் என்று கறையையும் பழசையும் சொல்லவே அதிகம் பயன்படுத்துகிறோம். 'பழுப்புக் கண்களால் அவனைப் பார்த்தாள்' என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எனக்கு அதில் காமாலை வாசனை அடிக்கிறது.

இலங்கைத் தமிழில் இதற்கு ஒரு நல்ல மாற்று இருக்கிறது. அங்கே பிரவுனுக்குக் கபிலம் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சாதாரணச் சொல். கபில நிறக் கண் என்று எழுதினால் கறையும் இல்லை, காமாலையும் இல்லை, ஒலியும் நன்றாக இருக்கிறது. தங்கையின் பிரவுன் கண்ணுக்கு இதைப் போடலாமா என்று நானும் அக்கா மகளும் ரொம்ப நேரம் பேசினோம். தமிழ்நாட்டு வாசகர் பலருக்குக் கபிலன் என்ற பெயர் நினைவு வருமே தவிர நிறம் வராது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வரும் இதழுக்கு என்றால் யோசிக்காமல் கபிலம்தான் போடுவேன்.

ஹேசல் என்று அப்படியே ஒலியில் எழுதுவது அடுத்த வழி. இதை நான் மட்டமாக நினைக்கவில்லை. லென்ஸ் கடை விளம்பரம், அழகுக் குறிப்பு, படிவம் நிரப்பும் வழிகாட்டி, இதிலெல்லாம் ஹேசல் என்றே எழுத வேண்டும், ஏனென்றால் படிப்பவர் டப்பாவிலும் படிவத்திலும் அந்தச் சொல்லைத்தான் தேடப்போகிறார். கதையில் என்றால் தயக்கம். ஹேசல்நட்டை சாக்லேட்டுக்குள்ளே மட்டும் பார்த்த வாசகருக்கு நிறம் எதுவும் மனதில் எழாது, எழுந்தால் சாக்லேட் நிறம் எழும். அந்தப் பெண்ணின் கண் அது இல்லை.

பூனைக்கண். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் முதலில் சொல்வது இதைத்தான். பேச்சுத் தமிழில் நம்மிடம் உண்மையிலேயே புழங்குகிற ஒரே சொல் இது. பச்சையோ, சாம்பலோ, தேனோ, ஹேசலோ, கறுப்பில்லாத எந்தக் கண்ணுக்கும் பூனைக்கண் என்று ஒரே பெயர். கேட்டவுடன் படம் வந்துவிடுகிறது, அது பெரிய பலம். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு கூர் இருக்கிறது. பூனைக்கண் உள்ளவர்களை நம்பாதே என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்பில் என்னோடு படித்த ஒருத்திக்கு இளம்பச்சை ஓடிய கண். ஆசிரியர் உட்பட எல்லோரும் அவளைப் பூனைக்கண்ணி என்றுதான் கூப்பிட்டோம், நானும்தான். போட்டோ எடுக்கிற நாளெல்லாம் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நிற்பாள். வகுப்பு போட்டோவில் அவள் கண் மட்டும் தெரியாது. இப்போதும் அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு மனது கனத்துப்போகிறது. இன்னொரு பக்கம், அதே கண் சினிமா நடிகைக்கு இருந்தால் கொண்டாடுகிறோம், அப்போது அது பூனைக்கண் ஆவதில்லை.

ஆகவே ஒரு தமிழ்ப் பாத்திரம் பேசும்போது, அந்தப் பாத்திரம் அப்படித்தான் சொல்லும் என்றால், பூனைக்கண் என்று எழுதுங்கள், அது உண்மையாக இருக்கும். ஆங்கிலக் கதையில் கதைசொல்லி அன்போடு சொல்கிற ஹேசல் கண்ணை அப்படி மாற்றினால் மூலத்தில் இல்லாத சந்தேகம் ஒன்று அந்தப் பெண்மேல் ஏறிவிடும். ஆங்கிலத்தில் ஹேசலுக்கு அப்படி எந்தக் கெட்ட வாடையும் இல்லை, இதமான கண் என்கிற தொனிதான் எனக்குக் கேட்கிறது.

தேன் நிறக் கண் அழகாக இருக்கிறது, சந்தேகமே இல்லை. கண் என்றதும் தேன் என்று சொன்னால் தமிழ்க் காதுக்கு இனிக்கிறது. ஆனால் அது ஆம்பருக்கும் ஹனிக்கும் பொருந்தும். தேனில் பச்சை கிடையாது. பச்சையை விட்டுவிட்டால் ஹேசலில் பாதி போய்விட்டது. இனிப்பாக இருக்கிறதே என்று மட்டும் எடுக்காதீர்கள்.

கொட்டைக்குக் கொட்டை என்ற வழியும் உண்டு. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில், மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியில், மெர்க்கூஷியோ தன் நண்பன் பென்வோலியோவைச் சீண்டுவான்: கொட்டை உடைத்துத் தின்கிறவனோடு, உன் கண் ஹேசல் நிறம் என்கிற ஒரே காரணத்துக்காகச் சண்டைக்குப் போவாய் நீ என்பான். அங்கே பழுப்பு என்றோ பச்சை கலந்த பழுப்பு என்றோ போட்டால் சண்டைக்குக் காரணமே இல்லாமல் போய்விடும். அங்கே நிறம் முக்கியமில்லை, கொட்டைதான் முக்கியம். நான் மொழிபெயர்த்தால் பாக்கு என்று போடுவேன். 'பாக்கு வெட்டுகிறவனைப் பார்த்தால் கூட, என் கண் பாக்கு நிறமாயிற்றே என்று சண்டைக்குப் போவாய்.' ஜவுளிக்கடையில் பாக்குக் கலர் என்று கேட்டுப் பழகிய வாசகருக்கு நிறமும் வந்துவிடும், சீண்டலும் வந்துவிடும். நாடகம் நடக்கிற இத்தாலிய ஊரான வெரோனாவில் ஏது பாக்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும், மேடையில் சிரிப்பு வர வேண்டும் என்றால் இதுதான் வழி.

இதற்கு நேர் எதிரான இடமும் உண்டு. ஹாரி பாட்டர் கதைகளில் பையனுக்கு அம்மாவின் பச்சைக் கண் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், அப்பா ஜேம்ஸுக்கு ஹேசல். அப்பாவையே உரித்து வைத்தவன், கண் மட்டும் அம்மாவுடையது என்பதில் ஒரு பெரிய முடிச்சே இருக்கிறது. அங்கே அப்பாவின் கண்ணை 'பச்சை கலந்த' என்று ஆரம்பித்து எழுதினால் அந்த முடிச்சு தளர்ந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பழுப்பை முன்னால் நிறுத்தி, பச்சையை வாயே திறக்காமல் விட்டுவிடுவதுதான் சரி. ஒரே சொல்லுக்கு மூன்று கதையில் மூன்று விடை வருவது இப்படித்தான்.

கடைசியாக மாந்துளிர். இது எனக்கு எப்படித் தோன்றியது என்றால், பட்டுப்புடவையில்தான் நமக்கு இரண்டு நிறம் கலந்து மாறி மாறித் தெரிவதற்குப் பெயர்கள் இருக்கின்றன. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் போட்டு நெய்வதால் மடிப்பைத் திருப்பினால் வேறு நிறம் தெரியும். மயில்கழுத்து அப்படி ஒன்று, மாந்துளிர் இன்னொன்று. மாமரத்தின் இளந்தளிரைப் பார்த்திருப்பீர்கள், செம்புப் பழுப்பாக வந்து மெல்லப் பச்சைக்கு மாறும், நடுவில் சில நாள் இரண்டும் சேர்ந்து மினுங்கும். ஹேசல் கண் எப்படி இருக்கும் என்று தமிழில் ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால் நான் மாந்துளிர்க் கண் என்பேன். நிறம், கலவை, வெளிச்சத்தில் மாறுவது மூன்றும் அதில் இருக்கிறது, கறையோ சந்தேகமோ இல்லை. பழைய இலக்கியத்தில் மாந்தளிர் பெண்ணின் மேனி நிறத்துக்கு வரும், கண்ணுக்கு வந்து நான் பார்த்ததில்லை, ஆனாலும் புதிதாக எடுத்துக்கொள்ளத் தடையில்லை என்றே நினைக்கிறேன். தமிழில் சொந்தமாகக் கதை எழுதுகிறவர்கள், கவிதை எழுதுகிறவர்கள் யோசிக்காமல் எடுக்கலாம்.

அக்கா மகளிடம் இதைத்தான் பெருமையாகச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சித்தி, நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த ஊர்ல பனி பெய்யுது, வீட்டுக்குள்ள கணப்பு எரியுது, அதுக்குள்ள திடீர்னு மாமரம் வந்து நிக்குதே" என்றாள். அவள் சொன்னது சரி. ஷேக்ஸ்பியர் இடத்தில் பாக்கைக் கொண்டுவரலாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் அங்கே நடப்பது சொல் விளையாட்டு. இந்தக் கதையில் நடப்பது விளக்கு வெளிச்சத்தில் ஒருவன் ஒரு முகத்தை அடையாளம் காண்பது. அங்கே ஊரை மாற்றக் கூடாது.

அப்படியானால் மிச்சமிருப்பது விரித்து எழுதுவது. பச்சை ஓடிய பழுப்பு, அல்லது பழுப்பில் பச்சை கலந்த கண். நீளம்தான் இதன் குறை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக ஓசையில்லாமல் போகிறது, தமிழில் மூன்று சொல்லாகி வாக்கியத்தை இழுக்கிறது, ஐந்து இடத்தில் வந்தால் ஐந்து இடத்திலும் இழுக்கிறது. அதற்கு நான் சொல்கிற வழி, முதல் தடவை மட்டும் வெளிச்சத்தோடு சேர்த்து விரித்து எழுதிவிடுவது, வாசகர் மனதில் அந்தக் கண் பதிந்துவிடும். பிறகு வருகிற இடங்களில் 'அந்த இரட்டை நிறக் கண்' என்றோ, வெறும் 'அவள் கண்' என்றோ போனால் போதும். ஒரு எச்சரிக்கை, 'இரு நிறக் கண்கள்' என்று பன்மையில் எழுதினால் ஒரு கண் ஒரு நிறம், இன்னொரு கண் வேறு நிறம் என்று படிக்க வாய்ப்பிருக்கிறது, அது வேறு சங்கதி. தங்கையின் பிரவுன் கண்ணுக்கு, அகராதியை மூடிவைத்துவிட்டு, கரும்பழுப்பு என்று கொஞ்சம் இருட்டைக் கூட்டச் சொன்னேன். அப்போது அக்கா தங்கை இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நிற்பார்கள்.

நேற்று அந்தப் பத்தியைத் திருத்தி அனுப்பியிருந்தாள். 'அவள் விளக்கை உயர்த்தினாள். பழுப்பாகத் தெரிந்த கண்ணில், சுடர் அசைந்தபோது ஓரமாய்ப் பச்சை ஓடியது. மூத்தவள்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.' மூலத்தில் ஒரு வாக்கியம், இவளிடம் மூன்றாகியிருக்கிறது. 'ஓரமாய்' வேண்டுமா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். வேண்டும் என்று பதில் போட்டேன், பச்சை அந்தக் கண்ணில் ஓரத்தில்தான் இருக்கும்.